சம்பளம் மாதத்துக்கு, செலவு வருடத்துக்கு: சிங்கப்பூர்ச் சம்பளக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிக்கனத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கோப்பியில்தான் ஆரம்பிப்பார்கள். காலையில் கோப்பிக்கடையில் உட்காராதே, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ, கிராப் எடுக்காதே, எம்ஆர்டியில் போ. எல்லாம் சரிதான். ஆனால் கோப்பியை விட்டவர்கள் எல்லாம் பணம் சேர்த்துவிட்டார்களா என்று பார்த்தால், இல்லை. நம்மில் பலருக்குக் கை காலியாவது தினச் செலவால் அல்ல. தீபாவளி, டிசம்பரில் ஊர்ப் பயணம், நடுவில் இரண்டு கல்யாணம், வருமான வரி, எதிர்பாராமல் வந்து நிற்கும் ஒரு பல் சிகிச்சை என்று வருடத்துக்கு ஓரிரு முறை தலைகாட்டும் செலவுகளால்தான். ஒவ்வொரு தடவையும் "இந்த மாசம் மட்டும் கொஞ்சம் டைட்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் வருடத்தில் பாதி மாதங்கள் அந்த "இந்த மாசம் மட்டும்" வகைதான்.

அதனால் மாத பட்ஜெட் போடுவதற்கு முன்னால் வருடக் கணக்கைப் போட வேண்டும் என்பது என் கட்சி. கீழே இருக்கும் படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். கிரெடிட் கார்டு நிலுவையோ வட்டிக்கடனோ இருப்பவர்கள் மட்டும் மூன்றாவது படியை முடித்ததும் நேராக ஐந்தாவதுக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

முதல் படி: கைக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போய்விடும், முதலாளி மேலும் 17 விழுக்காடு போடுவார். நிரந்தரவாசியான முதல் இரண்டு வருடங்களில் விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கும். மாதச் சம்பளத்தில் இந்தக் கணக்குக்கு உட்படும் உச்சவரம்பு 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளி. இதோடு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கான பிடித்தமும் உண்டு, சின்னத் தொகைதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை அதையே பயன்படுத்தலாம். வயது இருபத்தெட்டு, அம்மா அப்பாவோடு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார், சம்பளம் 4,200 வெள்ளி. சேமநிதிக்கு 840 போகும், சிண்டாவுக்கு 7 போகும். கைக்கு வருவது 3,353. "என் சம்பளம் நாலாயிரத்து இருநூறு" என்று மனதில் வைத்துக்கொண்டு செலவு செய்தால் அங்கேயே கணக்கு உதைக்கும். மறுபக்கம், முதலாளியின் பங்கையும் சேர்த்து இவருடைய சேமநிதியில் மாதம் 1,554 வெள்ளி ஏறுகிறது: சாதாரணக் கணக்குக்கு 966, சிறப்புக் கணக்குக்கு 252, மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு 336. ஒன்றுமே சேமிக்கவில்லை என்று நொந்துகொள்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவசரத்துக்கு அதில் கைவைக்க முடியாது என்பதால் அதைக் கைச்சேமிப்பில் சேர்க்காதீர்கள்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்குச் சேமநிதி கிடையாது. சம்பளம் பிடித்தம் அதிகம் இல்லாமல் கைக்கு வருவதால் நிறைய வருவதுபோலத் தோன்றும், ஆனால் ஓய்வுக்காலத்துக்கென்று யாரும் உங்களுக்காக எதையும் எடுத்து வைக்கவில்லை. உள்ளூர்க்காரருக்குப் பிடிக்கும் அந்த 20 விழுக்காட்டை நீங்களே உங்களுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களைக் கவிழ்க்கும் விஷயம்: இங்கே மாதச் சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடிக்க மாட்டார்கள். போன வருடம் சம்பாதித்ததற்கு இந்த வருடம் மொத்தமாக நோட்டீஸ் வரும். பார்க்கும்போது ஓர் அதிர்ச்சிதான். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடு) போட்டுக்கொண்டால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் கட்டலாம், அதைச் செய்யாமல் மொத்தமாகக் கட்டிவிட்டு மற்ற பில்லைக் கார்டில் தேய்ப்பதில் அர்த்தமே இல்லை.

இரண்டாம் படி: வருடச் செலவுப் பட்டியல்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். இணைய வங்கியில் போய் கடந்த 12 மாத ஸ்டேட்மெண்டை இறக்கிக்கொள்ளுங்கள், கார்டு ஸ்டேட்மெண்டையும் சேர்த்து. மாதாமாதம் தவறாமல் வருவதை (போன் பில், வீட்டுக்குக் கொடுப்பது, பஸ் ரயில்) விட்டுவிட்டு, மற்றதில் 50 வெள்ளிக்கு மேல் போன ஒவ்வொரு வரியையும் ஒரு தாளில் எழுதுங்கள். போன் எண்ணுக்குப் பணம் அனுப்பிய பேநவ் வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், யாருக்கு எதற்கு அனுப்பினோம் என்று நினைவில்லாத பணம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் காலண்டரை எடுத்து மாத வரிசையில் ஓட்டிப் பாருங்கள், விட்டுப்போனவை தானாக ஞாபகம் வரும். ஜனவரியில் பொங்கல், அதையொட்டித் தைப்பூசம். சீனப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில், மாடியில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அங் பாவ். ஏப்ரலில் வரிப் படிவம், மே மாதத்திலிருந்து கட்ட வேண்டும். ஜூனில் பள்ளி விடுமுறை, ஜோகூர் போனாலும் செலவுதான். ஆவணி வந்தால் கல்யாண சீசன். தீபாவளிக்குத் துணி, பலகாரம், கேம்பல் லேன் பஜாரில் "சும்மா பார்க்கப் போன" செலவு, அம்மாவுக்கு ஒரு கிராமாவது 916 தங்கம். டிசம்பரில் பள்ளிப் புத்தகம், சீருடை, விமான டிக்கெட், அதுவும் எல்லோரும் போகிற வாரத்தில்.

நம் உதாரணக்காரரின் பட்டியல் இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்: வருமான வரி 740, ஊர்ப் பயணம் வாங்கிக்கொண்டு போகும் சாமான்களோடு 1,400, தீபாவளி 800, காப்புறுதி ஆண்டுச் சந்தா 900, மொய்யும் அங் பாவும் 600, பல்லும் கண்ணாடியும் 400, போன் மாற்றுவது ஏசி கழுவுவது வீட்டுச் சாமான் பழுது 600, கோயில் காரியங்கள் 200. மொத்தம் 5,640. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 470 வெள்ளி.

அந்த வரிக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 13வது மாதச் சம்பளத்தையும் சேர்த்து ஆண்டு வருமானம் 54,600, சேமநிதிக்கான கழிவு 10,920, சம்பாத்தியக் கழிவு 1,000, மிச்சம் 42,680. முதல் 40,000 வெள்ளிக்கு வரி 550, அதற்கு மேலுள்ள 2,680க்கு 7 விழுக்காடு. ஆக 738 சொச்சம். தேசிய சேவைக் கழிவு, பெற்றோர் கழிவு இருந்தால் இன்னும் குறையும்.

இந்த 470ஐச் சேமிப்பு என்று நினைக்கவே கூடாது. இது ஏற்கெனவே செலவான பணம், தேதிதான் இன்னும் வரவில்லை. 13வது மாதச் சம்பளம் வந்ததும் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: போன வருடம் அது எங்கே போனது?

மூன்றாம் படி: மூன்று கணக்கு, ஒரு தேதி

ஒரே கணக்கில் எல்லாப் பணமும் கிடந்தால் எல்லாமே செலவுக்கான பணமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மூன்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்து விழுவதற்கும் மாதாந்திர பில்களுக்கும் ஒன்று, அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டோடு ஒன்று, மூன்றாவது வருடச் செலவுக்கும் சேமிப்புக்கும். மூன்றாவதற்குக் கார்டே வேண்டாம். அது வேறு வங்கியாக இருந்தால் இன்னும் நல்லது, ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படாது.

சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள், தானாக மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கிறேன் என்கிற திட்டம் எங்கேயும் ஓடி நான் பார்த்ததில்லை. நம் ஆளுக்கு: வருடச் செலவுக்கு 470, சேமிப்புக்கு 500, பெற்றோருக்கு 500. மூன்றும் முதல் நாளே போய்விட்டால் மிச்சம் 1,883.

கை நமநமக்கும் ஆட்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து இங்குள்ள வங்கிகள் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன, டிபிஎஸ்ஸில் டிஜிவால்ட், ஓசிபிசியில் மணி லாக், யூஓபியில் லாக்அவே. மோசடிக்காரர்கள் போன் வழியாகக் கணக்கைக் காலி செய்யாமல் இருக்கத்தான் அது வந்தது; பூட்டிய பணத்தை போனிலிருந்து எடுக்க முடியாது, நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு ஷாப்பியில் வண்டியை நிரப்பும் நம்மிடமிருந்தும் அது பணத்தைக் காப்பாற்றும்.

அதிக வட்டி தரும் சேமிப்புக் கணக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளம் அங்கே வர வேண்டும், கார்டில் மாதம் 500 வெள்ளியாவது செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். நீங்கள் எப்படியும் அந்த 500ஐச் செலவழிப்பவர் என்றால் தாராளமாகப் போடுங்கள். 380 வரைதான் வந்திருக்கிறது, இன்னும் 120க்கு எதையாவது வாங்குவோம் என்று மாதக் கடைசியில் கடைக்குக் கிளம்பினால் வட்டி யாருக்குக் கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வாரக் காசு

மிச்சமிருக்கும் 1,883இல் போன், சந்தாக்கள், பஸ் ரயில், வீட்டு பில்லில் பங்கு என்று ஒரு 330 போகட்டும். 1,553 இருக்கிறது, வாரத்துக்கு ஏறத்தாழ 350 வருகிறது. இதை மாதத்துக்கு மொத்தமாகக் கையில் கொடுக்காமல் திங்கட்கிழமை தோறும் 350 செலவுக் கணக்குக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். ஏன் திங்கட்கிழமை? வெள்ளியன்று போட்டால் ஞாயிறு இரவுக்குள் முடிந்துவிடும். வாரக் காசு என்று வந்துவிட்டால் செலவுகளை ஆப்பில் ஒவ்வொன்றாக எழுத வேண்டிய அவசியமே இல்லை, வியாழக்கிழமை கணக்கில் 60 வெள்ளி இருந்தால் சனிக்கிழமை படத்துக்கா உணவகத்துக்கா என்பதை அதுவே சொல்லிவிடும்.

எதை வெட்டுவது என்று நான் பட்டியல் போடப்போவதில்லை. இரண்டு மட்டும். உணவகத்தில் விலைப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் ஏறும், 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆகிவிடும். மெனுவைப் பார்க்கும்போதே ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது நாலு நம்பர் லாட்டரி. புதன், சனி, ஞாயிறு வரிசையில் நிற்கும் அண்ணன்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு மட்டும் சொல்கிறேன். 10,000 எண்களிலும் தலா ஒரு வெள்ளி பெரிய பந்தயம் கட்டினால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, ஸ்டார்ட்டர் பத்துக்கு தலா 250, ஆறுதல் பத்துக்கு தலா 60, எல்லாம் சேர்த்துத் திரும்பி வருவது 6,590 வெள்ளி. அதாவது ஒரு வெள்ளி போட்டால் சராசரியாக 66 காசு. பொழுதுபோக்கு என்று வாரக் காசில் இரண்டு வெள்ளி வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கடனை அடைக்க என்று வைப்பதுதான் பிரச்சினை.

ஐந்தாம் படி: கடன்

வட்டி எதில் அதிகமோ அதை முதலில் அடைக்க வேண்டும், தொகை எதில் அதிகமோ அதை அல்ல.

கிரெடிட் கார்டுக்கு இங்கே ஆண்டு வட்டி பெரும்பாலும் 26 முதல் 28 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று வங்கி சொல்வதில்தான் வில்லங்கம். நிலுவை 3,000 வெள்ளி என்று வையுங்கள், வட்டி 27 விழுக்காடு என்றால் மாதத்துக்கு 67 வெள்ளி 50 காசு. பல வங்கிகளில் குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. இங்கே 90 வெள்ளி. நீங்கள் 90 கட்டுகிறீர்கள், அசலில் குறைவது 22 வெள்ளி 50 காசு. அந்த மாதமே கார்டில் ஒரு தடவை குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டால் அதுவும் போச்சு. கார்டைப் பூட்டி வைத்துவிட்டு மாதம் 400, 500 என்று இறக்கினால்தான் கரையேற முடியும். சேமிப்புக் கணக்கில் 4,000 வைத்துக்கொண்டு கார்டில் 3,000 நிலுவையும் வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. "சேமிப்பைத் தொடக் கூடாதுன்னு இருக்கேன்" என்பார்கள். தொடுங்கள். இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

பல கார்டுகளில் சிக்கியவர்கள் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூரை அணுகலாம், அது இதற்கென்றே இருக்கும் தொண்டு அமைப்பு. கடன்களை ஒன்றாக்கும் திட்டம் வங்கிகளில் 2017இலிருந்து இருக்கிறது, தகுதி உள்ளவர்கள் கார்டு வட்டியைவிடக் குறைந்த வட்டியில் ஒரே தவணையாக மாற்றிக்கொள்ளலாம். இப்போது வாங்கி அப்புறம் கட்டும் ஆப்களுக்கு 2022 அக்டோபரில் ஒரு நடத்தை நெறி வந்தது. கூடுதல் சோதனை இல்லாமல் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 2,000 வெள்ளிக்கு மேல் தரமாட்டார்கள், ஆனால் 2,000 வெள்ளி நம் உதாரணக்காரருக்கு ஐந்தரை வாரச் செலவுக்கு மேல். மூன்று தவணை, வட்டி இல்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது.

உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களிடம் மாத வட்டி அதிகபட்சம் 4 விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் அசலில் 10 விழுக்காடு வரை. 2,000 வாங்கினால் கைக்கு 1,800தான் வரும், வட்டியோ 2,000க்கு. வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் கூட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ "உடனடிக் கடன்" என்று செய்தி வந்தால் மேலே படிக்கவே வேண்டாம், உரிமம் உள்ளவர்கள் அப்படி விளம்பரம் செய்யவே கூடாது. அது ஆ லோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரராகவோ மோசடிக்காரராகவோதான் இருக்கும். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

வேறு வழியே இல்லை, ஒரு மாதத்துக்கு 1,500 புரட்ட வேண்டும் என்றால் என் யோசனை பலருக்குப் பிடிக்காது: அடகுக்கடை. மாத வட்டி அதிகபட்சம் 1.5 விழுக்காடுதான், மீட்க ஆறு மாத அவகாசம் உண்டு. கார்டு நிலுவையைவிடவும் மலிவு, வட்டிக்காரரைவிட எவ்வளவோ மேல். வளையலை அடகு வைத்தது தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்துகொண்டு மாதம் 4 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஆறாம் படி: நாலு பேருக்காகச் செலவாகும் பணம்

பணம் பற்றிய புத்தகங்களில் இந்த அத்தியாயத்தையே காணோம், ஆனால் நம் வீடுகளில் பாதிப் பணம் இதில்தான் போகிறது.

ஊருக்கு அனுப்பும் பணம். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் வெளிப்படையாக. சொல்லாமல் கேட்கும்போதெல்லாம் அனுப்பினால் அவர்களுக்கும் திட்டமிட வராது, உங்களுக்கும் வராது. அதற்கு மேல் அவசரம் என்று வருவதற்கு வருடப் பட்டியலில் "ஊர் அவசரம்" என்று தனியாக ஒரு தொகை வையுங்கள், அது தீர்ந்தால் அடுத்த வருடம்தான். அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், மாற்று விகிதத்தைப் பாருங்கள். சந்தை விகிதம் 65 ரூபாய், கடைக்காரர் 64.30 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக்கு 700 ரூபாய் அங்கேயே போய்விட்டது, கட்டணம் இலவசம் என்று போர்டு மாட்டியிருந்தாலும். சிராங்கூன் ரோட்டில் வரிசையில் நிற்கும் நேரத்தில் வங்கி ஆப்பையும் ஒன்றிரண்டு பணமாற்ற ஆப்பையும் திறந்து, "1,000 வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் போய்ச் சேரும்" என்ற ஒரே கேள்வியை மூன்றிலும் போட்டுப் பாருங்கள்.

சீட்டு. அலுவலகத்தில் பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 300, குலுக்கலில் வந்தவருக்கு 3,000. முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாச் சேமிப்பு, அதுவும் ஒன்பது பேரின் நாணயத்தை நம்பி. நடுவில் ஒருவருக்குப் பாஸ் ரத்தாகி விமானம் ஏறிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இங்கே சீட்டு நிதிச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது, உரிமம் பெற்ற நிறுவனம்தான் அந்தத் தொழிலை நடத்தலாம். அப்படி இருந்தும் 1973இல் ஜெமினி சிட் ஃபண்ட் கவிழ்ந்து ஆயிரக்கணக்கானோரின் பணம் முடங்கியது. சீட்டில் ஒரு நல்லது உண்டு, மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம். அந்தக் கட்டாயத்தை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனே தந்துவிடும்.

தங்கம். ஆசைக்கு வாங்கினால் ஆசைக்கு என்று சொல்லி வாங்குங்கள், முதலீடு என்று சொல்லாதீர்கள். நகைக்குச் செய்கூலி உண்டு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு, விற்கப் போனால் இரண்டும் திரும்பி வராது. முதலீடுதான் நோக்கம் என்றால் முதலீட்டுத் தரத் தங்கக் கட்டிக்கும் நாணயத்துக்கும் 2012 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை.

ஜாமீன் கையெழுத்து. மச்சான் கேட்டாலும் சரி, மாமா கேட்டாலும் சரி, அவர் கட்டாவிட்டால் அந்த முழுத் தொகையையும் நீங்கள் கட்டத் தயாரா என்று மட்டும் யோசியுங்கள். தயார் இல்லை என்றால் உங்களால் முடிந்த ஐந்நூறோ ஆயிரமோ, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்துவிட்டுக் கையெழுத்தைத் தவிர்த்துவிடலாம். அதேபோல வங்கிக் கணக்கையோ அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸையோ யாராவது சில நூறு வெள்ளிக்கு வாடகை கேட்டால் ஓடிவிடுங்கள், அது குற்றம்.

ஏழாம் படி: அவசர நிதி

மூன்று முதல் ஆறு மாதச் செலவு என்பது பொதுவான அளவு. சம்பளத்தை வைத்து அல்ல, செலவை வைத்துப் போடுங்கள். நம் ஆளுக்கு வருடச் செலவுப் பங்கையும் வீட்டுக்குக் கொடுப்பதையும் சேர்த்து மாதம் சுமார் 2,850, மூன்று மாதத்துக்கு 8,550. மாதம் 500 என்றால் ஒன்றரை வருடம் பிடிக்கும். பரவாயில்லை, போனஸ் வந்தால் சீக்கிரம் முடியும்.

பாஸில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வையுங்கள், ஏன் என்று சொல்கிறேன். வேலை போய்ப் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் தங்கலாம். வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது வரிக் கணக்கை முடிக்கும் வரை முதலாளி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, மிகவும் தேவைப்படும் மாதத்தில் கடைசிச் சம்பளம் கைக்கு வராமல் போகலாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் செலவு, குடும்பத்துக்கு டிக்கெட், எல்லாம் அப்போதுதான் வரும்.

எங்கே வைப்பது? ஒரு மாதச் செலவைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில். மீதிக்கு எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், அரசாங்கத்தின் உத்தரவாதம், பத்து வருடம் வரை ஓடும், எந்த மாதமும் அபராதம் இல்லாமல் திருப்பலாம், பணம் அடுத்த மாத ஆரம்பத்தில் வந்துவிடும். வாங்க 2 வெள்ளி, திருப்ப 2 வெள்ளி, அவ்வளவுதான். பத்திரங்களை வைத்திருக்கும் சிடிபி கணக்கு ஒன்று திறக்க வேண்டும், அதற்கப்புறம் வங்கி ஆப்பிலேயே வாங்கலாம். வட்டி மாதாமாதம் வரும் வெளியீட்டுக்கு ஏற்ப மாறும், அதனால் வாங்குகிற மாதத்தின் விகிதத்தைப் பாருங்கள். நிரந்தர வைப்பும் சரிதான், நடுவில் உடைத்தால் வட்டி போகும். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி இருக்கிறது, 2024 ஏப்ரலில்தான் 75,000இலிருந்து உயர்த்தினார்கள்.

எட்டாம் படி: காப்புறுதி, சுருக்கமாக

மணிசென்ஸ் என்ற தேசிய நிதிக் கல்வித் திட்டத்தின் அடிப்படை வழிகாட்டி சொல்லும் அளவுகள்: மரணம், நிரந்தர உடற்குறைக்கு ஆண்டு வருமானத்தைப்போல 9 மடங்கு, கடும் நோய்க்கு 4 மடங்கு, சந்தா வருமானத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கெனவே இருக்கிறது. எம்ஆர்டி வாசலில் இலவசப் பெட்டி கொடுத்து உட்கார வைத்து விற்பதில் பெரும்பாலும் காப்புறுதியும் சேமிப்பும் கலந்திருக்கும். இளவயதில் உங்களுக்குத் தேவை குறைந்த சந்தாவில் நிறையப் பாதுகாப்பு தரும் டெர்ம் திட்டம்தான், கலவை வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்த அக்கா விற்கிறார், மறுக்க முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால்கூட ஆயுள் காப்புறுதிக்கு 14 நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு, அதற்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஒன்பதாம் படி: அவசர நிதி நிறைந்த பிறகு

அதே 500ஐ இப்போது வேறு பக்கம் திருப்புங்கள். இருபது முப்பது வருடம் தொட வேண்டாத பணம் என்றால் சேமநிதிச் சிறப்புக் கணக்கில் போடலாம், சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு என்றால் அங்கே 4 விழுக்காடு, உங்களுக்காகப் போடுவதில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவும் உண்டு. போட்டால் திரும்ப எடுக்க முடியாது, வீடு வாங்கக்கூட. அதனால் கல்யாணம், பிடிஓ (விண்ணப்பித்து வாங்கும் புதிய வீவக) வீடு என்று திட்டம் இருக்கும் இருபது வயதுக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டவர்களுக்குச் சேமநிதி இல்லாவிட்டாலும் கூடுதல் ஓய்வுகாலத் திட்டம் இருக்கிறது, ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை போட்டு வரியைக் குறைக்கலாம், சீக்கிரம் எடுத்தால் 5 விழுக்காடு அபராதம். பங்குச் சந்தை, குறியீட்டு நிதி எல்லாம் தனிக் கட்டுரைக்கான சமாசாரம். டெலிகிராம் குழுவில் மாதம் 10 விழுக்காடு தருகிறேன் என்பவர் மட்டும் எந்தக் கட்டுரைக்கும் உரியவர் இல்லை, காவல்துறைக்கு உரியவர்.

பத்தாம் படி: கல்யாணமானவர்களும் மறுகணக்கும்

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டாம் படியைச் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள், ஏனென்றால் இரண்டு குடும்பத்துக் கல்யாணங்களும் ஒரே வருடத்தில்தான் வரும். வீட்டுச் செலவுக்குக் கூட்டுக் கணக்கு ஒன்று, அதில் இருவரும் சம்பளத்துக்கேற்ற விகிதத்தில் போடுவது, மற்றது அவரவர் கணக்கு. அவரவர் கணக்கில் என்ன வாங்கினீர்கள் என்று மற்றவர் கேட்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். கடன் ஏதும் இருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அதற்கு விலக்கே கிடையாது.

வருடக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தினால் போதும், தீபாவளி முடிந்த அடுத்த வாரம் அதற்கு நல்ல நேரம், எதில் எவ்வளவு கூடிப்போனது என்பது அப்போதுதான் பசுமையாக நினைவிருக்கும். சம்பளம் ஏறியதும் ஏறிய தொகையில் பாதியை அந்த மாதமே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனில் கூட்டிவிடுங்கள், இரண்டாவது மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் அந்தப் பணம் வாரக் காசோடு கலந்துவிடும். அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளை ஷெங் சியோங், ஃபேர்பிரைஸ் மளிகைக்குப் பயன்படுத்தினால், மளிகைக்கு என்று வைத்திருந்த காசை அதே நாளில் மூன்றாவது கணக்குக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது வேறு எதிலாவது கரைந்துபோகும்.